பிஸ்தாப் பச்சைச் சட்டை

பாண்டியன்துறையில் ஒரு வீடு பாம்பைப் போலச் சட்டை உரித்தது என்று சொன்னால் அந்த ஊர்க்காரர் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். எந்தச் சட்டை, முதல் சட்டையா இரண்டாவதா என்றுதான் கேட்பார்கள், கேட்டுவிட்டு, முதல் சட்டைக்கு இப்போது கதவு எண் பதினாலின் கீழ் ஒன்று என்றும், இரண்டாவதில் கருவாடு காய்கிறது என்றும், வாசல் கொஞ்சம் சரிந்திருக்கிறது, குனிந்து போக வேண்டும் என்றும் வழி சொல்வார்கள். அந்தச் சட்டைகளுக்குள் இருந்த வீட்டைப் பற்றிக் கேட்டால்தான் முகத்தைச் சுளிப்பார்கள்.

வீடு மாதா கோயில் தெருவின் கடல்பக்கக் கடைசியில் இருந்தது. டைப்பிஸ்ட் இஞ்ஞாசியின் பாட்டனார் தோணி ஓடிய காலத்தில் கடல்பாறைக் கல்லை வெட்டி எடுத்து, சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்துக் கட்டிய வீடு. அவர் இருந்தவரை வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடித்தார்கள். பிறகு டிஸ்டம்பர் வந்தது, அதன்மேல் ஆயில் பெயிண்ட் வந்தது, அதன்மேல் எமல்ஷன் வந்தது. ரோஜா நிறத்தின்மேல் நீலமும், நீலத்தின்மேல் மஞ்சளும், மஞ்சளின்மேல் காவியும் ஏறினவே தவிர ஒன்றையும் ஒருவரும் சுரண்டவில்லை. சுரண்டினால் நாளாகும், மாதா திருவிழா யாருக்காகவும் காத்திருக்காது. திருவிழாவன்று மாதா சப்பரம் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு நிற்கும், வீட்டுக்காரர் மெழுகுவர்த்தியும் மாலையும் கொடுக்க வேண்டும், அதற்குள் ஒவ்வொரு வீடும் புது நிறம் பூசியிருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். உள்ளே அடுப்பெரியாத வீடுகூட வெளியே பளபளவென்று நின்றது.

இஞ்ஞாசி நாற்பது வருஷம் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்படித்து ஓய்ந்தவர். வெள்ளைச் சட்டை தவிர வேறு போடாதவர். உலகத்தில் அவருக்கு அருவருப்பில்லாத பொருள் குறைவு. பஸ் கம்பியைக் கைக்குட்டையால் பிடிப்பார், டீக்கடைக்குத் தன்னுடைய கண்ணாடித் தம்ளரைக் கொண்டுபோவார், திருப்பலியில் சமாதானம் சொல்லிக் கைகொடுத்தால் வீட்டுக்கு வந்து முழங்கைவரை சோப்புப் போடுவார். அவர் அருவருக்காமல் தொட்ட ஒரே மனித உடம்பு அவர் மனைவி பிரகாசியுடையது. அந்தப் பிரகாசிக்கு மூன்று வருஷமாக இழுப்பு. மழை பிடித்துவிட்டால் அவள் மார்புக்குள் யாரோ நனைந்த கயிற்றை இழுப்பதுபோலச் சத்தம் கேட்கும்.

ஆனி மாதம் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். பிரகாசியை நாக்கை நீட்டச் சொன்னார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், பிறகு எழுந்து போய்ச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். உள்ளங்கை ஈரமாகித் திரும்பியது. நான்கு அறைச் சுவரும் அப்படித்தான் இருந்தது. கட்டில் பக்கம் கறுப்புப் பூஞ்சை, அலமாரிக்குப் பின்னால் பச்சைப் பூஞ்சை.

"இவங்களுக்கு நான் மருந்து தாரேன். ஆனா உங்க வீட்டுக்கு யாராவது மருந்து பாக்கணும். வெளிச்சுவரைச் சரியான ஆளை வெச்சுப் பாருங்க. இன்னொரு மழையை இந்த ஈரத்துக்குள்ள இவங்க தாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரியான ஆள் என்று பிரகாசிதான் சந்தியாகுவைச் சொன்னாள். அவளுடைய அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தவர். மறுநாள் சந்தியாகு வந்தார். லுங்கி, தோளில் கிழிந்த துண்டு, வாயில் வெற்றிலை. ஒன்றும் பேசாமல் வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றினார், முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சுவரோடு முகத்தைச் சேர்த்து, நாக்கை நீட்டி, ஒரு சாண் நீளத்துக்குச் சுவரை நக்கினார்.

அந்தச் சுவரில் எவனெவன் எதையெதைச் செய்திருந்தான் என்பது இஞ்ஞாசிக்குத் தெரியும். மேடைக் கச்சேரி பார்க்க வந்தவன் ஒன்றுக்குப் போயிருக்கிறான், மீன் விற்க வந்தவள் கையைத் துடைத்திருக்கிறாள், ஆடு உரசியிருக்கிறது, கட்சிக்காரன் பசை தடவியிருக்கிறான், அந்தப் பசையை மாடு தின்றிருக்கிறது. அந்தச் சுவரைச் சந்தியாகு ஏழு இடத்தில் நக்கினார், நக்கி நக்கித் துப்பினார், ஏழாவது எச்சில் இஞ்ஞாசி காலையில் பினாயில் விட்டுக் கழுவிய படியில் விழுந்தது.

"கடப்பக்கம் உப்பு நாக்கை அறுக்குது அண்ணாச்சி" என்றார் சந்தியாகு. "தெருப்பக்கம் பரவாயில்ல. மேல ஜன்னலுக்கு அடியில புளிப்பு, அங்க பழைய தண்ணி தேங்கி நிக்கி. மொத்தத்தையும் உரிச்சு எடுக்கணும், கல்லு தெரியுற வர. அப்படியே அம்மணமா ஒரு மழை கழுவட்டும், ஒரு கோடை காயட்டும். நாக்குல உப்பு நின்னப்புறம் நான் வந்து சுண்ணாம்பு பூசுதேன். வேற எதையும் பூசக் கூடாது."

"மழையில நனைய விடச் சொல்லுதீரா? காய வைக்கத்தான வே உம்மக் கூப்பிட்டது?"

"தோலில்லாத கல்லு நனைஞ்சா ரெண்டு நாள்ல காயும். தோலுக்குள்ள நனைஞ்சது ஆயுசுக்கும் காயாது."

"சரி, திருவிழாவுக்கு?"

"அம்மணமாத்தான் நிக்கும்."

"மாதா சப்பரம் வாற தெருவுல?"

"மாதா கல்லைப் பாக்காதவளா அண்ணாச்சி?"

மாடி ஜன்னலிலிருந்து பிரகாசி இழுப்போடு சிரித்தாள். "அவரையே வெச்சுக்கிடுங்க. டாக்டர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்தாரு, இவரு தன் நாக்கை நீட்டிப் பாக்காரு. அவ்வளவுதான வித்தியாசம்!"

எதிர்வீட்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கைகொட்டினார்கள். இஞ்ஞாசி சந்தியாகுவிடம் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவர் நக்கிய ஏழு இடத்தையும் பினாயில் போட்டுத் தேய்த்தார். தேய்த்த கையை மூன்று முறை கழுவினார்.

பிறகு ஜெயசிங் வந்தான். ஜெயசிங் பெயிண்டிங் ஒர்க்ஸ் என்று முதுகில் எழுதிய பனியன், தலையில் தொப்பி, கையில் ஆயிரத்தெட்டு நிறம் உள்ள புத்தகம். சுவரைப் பத்தடி தூரத்தில் நின்றே பார்த்தான்.

"கையே படாது அண்ணாச்சி, எல்லாம் மிஷின். சுரண்டுறதெல்லாம் அந்தக் காலம். இதுக்கு மேலயே ரப்பர் மாதிரி ஒரு கோட்டு போர்த்திருவோம். பத்து வருஷம் கேரண்டி. ஒரு சொட்டு உள்ள போகாது."

"உள்ள இருக்கது வெளிய போகுமாப்பா?" என்று மேலிருந்து பிரகாசி கேட்டாள்.

"அது ஏன்க்கா வெளிய போகணும்?" என்றான் ஜெயசிங்.

கையே படாது என்ற சொல் இஞ்ஞாசிக்குப் பிடித்திருந்தது. புத்தகத்தில் பிஸ்தாப் பச்சையைத் தொட்டுக் காட்டினார். நான்கே நாளில் வீடு பிஸ்தாப் பச்சையாக நின்றது. திருவிழாவன்று சப்பரம் வாசலில் நின்றபோது ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார், "இஞ்ஞாசி, தெருவுலேயே உங்க வீடுதான் வே வீடு" என்று மைக்கிலேயே சொன்னார். மேலே பிரகாசி இருமிக்கொண்டிருந்தது வாணவெடியில் யாருக்கும் கேட்கவில்லை.

திருவிழா முடிந்த ஒன்பதாம் நாள், முதல் பூசைக்கு மணி அடிக்கிற நேரத்தில், வீடு சட்டை உரித்தது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தொடங்கி, நனைந்த துணியை உடம்பிலிருந்து இழுக்கிற சத்தத்தோடு கீழே இறங்கியது. ஜன்னல் ஜன்னலாகப் பொத்தானைப்போல விட்டது, வாசலுக்கு வந்ததும் ஒரு உதறு உதறியது, பிறகு அந்தப் பச்சைச் சட்டை நான்கு சுவரும் ஜன்னல் ஓட்டைகளும் வாசல் ஓட்டையுமாகத் தெருவில் இறங்கி நின்று, காற்றுக்கு லேசாக ஆடியது. பின்னால் பழைய வீடு தோலில்லாமல் நின்றது.

பால்காரர் சைக்கிளை நிறுத்தி, இரண்டு வாசலையும் பார்த்து, இரண்டிலும் அரை லிட்டர் வைத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூட வேன்தான் ஆரன் அடித்தது. கஸ்பார் வந்து, வண்டி போகிற வழியில் இது என்ன என்று சத்தம் போட்டு, பன்னிரண்டு பேரைக் கூட்டி, ஐலசா ஐலசா என்று தோணியைத் தள்ளுவதுபோலத் தள்ளிப் பக்கத்தில் வலை காயப்போடுகிற காலி மனையில் கொண்டுபோய் நிறுத்தினார். தள்ளியவர்கள் கையை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள்.

இஞ்ஞாசி அந்தச் சட்டைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். வெளியே பிஸ்தாப் பச்சை; உள்ளே, அறுபது வருஷத்து நிறமெல்லாம் மாட்டுக் குடலின் மடிப்புப்போல ஒன்றன்மேல் ஒன்றாக, வழவழவென்று, சளி வடிய, புண்ணைச் சுற்றிய பழைய கட்டுத்துணியின் வாடையோடு இருந்தது. பிள்ளைப்பூச்சி ஊர்ந்தது. அவர் வாசலுக்கு வருமுன் வாயிலெடுத்தார்.

ஊர் வாயிலெடுக்கவில்லை. ஊர் ஒரு வாரத்தில் அதைப் பழகிவிட்டது. முதலில் கட்சிக்காரர்கள் வந்து மூன்று பக்கச் சுவரிலும் ஒதுக்கப்பட்டது என்று எழுதி, அடுத்த ஐந்து வருஷத்தையும் போட்டுவிட்டுப் போனார்கள். முனிசிபாலிட்டியிலிருந்து ஒருவர் வந்து பதினாலின் கீழ் ஒன்று என்று தகடு அடித்தார். அடித்த ஆணி வழியாகப் பழுப்புத் தண்ணீர் வடிந்ததை அவர் பார்த்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கமிட்டி கூடி, திருவிழா வரி போட, சட்டை என்பது ஒரு குடும்பமா இல்லையா என்று இரண்டு ராத்திரி சண்டை போட்டு, வாசல் இருப்பதால் குடும்பம்தான் என்று எழுதிக்கொண்டது. சாமியார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தீர்த்தம் தெளித்தார். உள்ளே ஜெயசிங் ஒரு மேசையைப் போட்டு ஆபீஸ் வைத்துக்கொண்டான், வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் சட்டையைத் தட்டிக் காட்டினான்.

"பாத்தியளா, ஒரு கீறல் உண்டா? மத்தவன் பெயிண்ட் செதில் செதிலா உதிரும். நம்ம பெயிண்ட் வீட்டோட வீடா வரும்!"

அதைக் கேட்டு மூன்று பேர் அங்கேயே முன்பணம் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்குப் பூசினால் இரண்டு வீடு கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. தோலில்லாமல் நின்ற வீட்டுக்குள் பிரகாசி முதல் நாள் தலையணை இல்லாமல் படுத்தாள், இரண்டாம் நாள் சாளை மீன் குழம்பு கேட்டாள், மூன்றாம் நாள் படியிறங்கி வந்து அடுப்படியில் தானே வெங்காயம் உரித்தாள்.

"மூச்சு வருதுங்க. தொண்டைக்குள்ள கதவு திறந்தாப்ல இருக்கு. வீட்டை இப்படியே விட்டிருங்க."

"டாக்டர் மருந்து வேலை செய்யுது" என்றார் இஞ்ஞாசி.

அவரால் வாசலுக்குப் போக முடியவில்லை. கடல்பாறைக் கல் வெளியே தெரிந்தது. ஓட்டை ஓட்டையாக, சிப்பி ஒட்டிய சாம்பல் கல், பல் விழுந்த கிழவனின் ஈறுபோல. தெருவில் போகிறவன் ஒவ்வொருவனும் நின்று பார்த்தான். தன் வேட்டி அவிழ்ந்து கிடப்பதைத் தானே பார்ப்பதுபோல இருந்தது இஞ்ஞாசிக்கு. ஐந்தாம் நாள் ஜெயசிங்கைக் கூப்பிட்டார். கேரண்டி இருக்கிறதே என்று ஜெயசிங் சிரித்துக்கொண்டே பூசினான். பூசி முடித்த மறுநாளே பிரகாசியின் மார்புக்குள் கயிறு இழுபட்டது.

ஆவணிக் கடைசியில் வீடு இரண்டாம் சட்டையை உரித்தது. இம்முறை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கருவாட்டு வியாபாரி ஒருவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான். அதற்குள் தெருவில் வேறு நான்கு வீடுகளும் உரிக்கத் தொடங்கியிருந்தன. சட்டைகளுக்குள் கோழி வளர்த்தார்கள், சீட்டாடினார்கள், ஒரு நிச்சயதார்த்தமே நடந்தது. வந்தவர்கள் பன்னீர் தெளித்துக்கொண்டு பிரியாணி தின்றார்கள். உட்சுவரின் சளி வழுக்கி ஒருவர் விழுந்தார், எழுந்து கையைத் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். தெரு முழுக்க அந்த வாடை. வாடையைப் பற்றிச் சொன்னால், "எந்த வாடை?" என்றார்கள்.

மூன்றாம் முறை ஜெயசிங் சாரம் கட்ட வந்தபோது பிரகாசி மாடி ஜன்னலில் ஏறி, இரண்டு காலையும் வெளியே தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஏளா, கால உள்ள எடு. தெருவே பாக்குது" என்றார் இஞ்ஞாசி கீழேயிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும். மூச்சு விட முடியாதவளுக்கு என்ன மானம்? அம்மணமா நின்னா வீட்டுக்குத்தான வெக்கம், உங்களுக்கு என்னத்துக்கு?"

"ஒரே ஒரு தடவை பிரகாசி. இந்தத் தடவை வாட்டர் ப்ரூஃப் போடச் சொல்லியிருக்கேன்."

"எனக்குமா?" என்றாள் அவள்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இருமல் வந்தது, இருமலில் பிடி நழுவியது, எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் உள்ளே ஓடி அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். ஜெயசிங் மூன்று கோட்டுப் பூசினான், ஓரத்திலெல்லாம் துணிப்பட்டை ஒட்டினான், இனி இது உரியவே உரியாது என்று சத்தியம் செய்தான். அந்த ஒரு சத்தியத்தை மட்டும் அவன் காப்பாற்றினான்.

ஐப்பசி மழை பிடித்தது. வீடு உரிக்க முடியாமல் வீங்கியது. கடல்பக்கச் சுவர் பழுத்த கட்டியைப்போலப் புடைத்தது, விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது, உள்ளே தண்ணீர் புரளுகிற சத்தம் கேட்டது. பிரகாசியை ஆஸ்பத்திரியில் எட்டு நாள் வைத்துப் பிராணவாயு கொடுத்து அனுப்பினார்கள். வந்த அன்றைக்கே உதடு நீலமாகிவிட்டது. டாக்டர் ஓடி வந்தார்.

"வீட்டுக்கு என்ன செஞ்சீங்க?"

"மூணு தடவை பெயிண்ட் அடிச்சேன் டாக்டர்" என்றார் இஞ்ஞாசி.

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அது இஞ்ஞாசிக்குத் தெரிந்த பார்வை; பஸ் கம்பியை அவர் பார்க்கிற பார்வை. அன்று மத்தியானம் இஞ்ஞாசி குடையை எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், செத்த தவளைகள் மிதக்கிற சந்து வழியாகச் சந்தியாகு வீட்டுக்குப் போனார். சந்தியாகு ஒரு வாய்ச் சோற்றை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. உப்பு இருக்கா இல்லையான்னு தெரியல, அதான் விழுங்காம வெச்சிருக்கேன்."

"உம்மைத்தான் வே தேடி வந்தேன். வந்து பாரும்."

"பாக்க நாக்கு இல்ல. செத்துப்போச்சு. நீங்க அனுப்பின பிறகு உங்க தெருக்காரங்க ஒவ்வொருத்தரா கூப்பிட்டாங்க, வீட்டைப் பாருன்னாங்க. போனா, நக்கு நக்குன்னு சொல்லிப் புள்ளைகளுக்கு வேடிக்கை காட்டினாங்க, வேலை தரல. பதினேழு வீடு. அத்தனையும் ரப்பர் பெயிண்ட். கடைசி வீட்டுல நாக்கு மரத்துச்சு, இன்னும் திரும்பல."

அந்தப் பதினேழு வீட்டுக்கும் கதவைத் திறந்துவிட்டது தான்தான் என்று இஞ்ஞாசிக்குத் தெரிந்தது.

"சாரம் கட்டத் தெரியும், சுரண்டத் தெரியும், வாரேன்" என்றார் சந்தியாகு. "ஆனா புளிப்பு எங்கன்னு இப்போ சரியாத் தெரிஞ்சாகணும். இடம் மாத்திக் கீறினா தண்ணி உள்பக்கமா, அக்கா படுத்திருக்க பக்கமா உடையும். உங்க வீடு, உங்க நாக்கு."

ஊரே ஜன்னலில் நின்றது. இஞ்ஞாசி சந்தியாகு கட்டிய சாரத்தில் ஏறி, வெள்ளைச் சட்டையோடு, பிஸ்தாப் பச்சைச் சுவருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஆடு, பசை, மீன் கை, எச்சில், எல்லாம் நினைவுக்கு வந்தன. முதல் தடவை நாக்கை வைத்ததும் காலைக் காப்பி வெளியே வந்தது. இரண்டாம் தடவை ஒன்றுமில்லாத வயிறு வெளியே வரப் பார்த்தது. மூன்றாவதில் உப்பு தெரிந்தது. நான்காவது, ஐந்தாவது, உப்பு. உள்ளே கயிறு இழுபடுகிற சத்தம் சுவர் வழியாக நாக்குக்கே கேட்டது. ஜன்னலுக்கு அடியில், ஒரு முழம் இடதுபக்கம் தள்ளி, ஏழாவது தடவை நாக்கு சுருண்டது.

"இங்க. இங்க புளிப்பு."

சந்தியாகு அந்த இடத்தில் சுரண்டியைப் பாய்ச்சினார். சுவர் உடைந்து இஞ்ஞாசியின் முகத்திலும் மார்பிலும் வாந்தி எடுத்தது. வெதுவெதுவென்று, பழுப்பாக, அறுபது வருஷத்துத் தண்ணீர். அதில் பல்லி முட்டை, நத்தை, துரு ஆணி, திருவிழாக் காகிதம், பழைய நிறங்களின் கூழ். அது தெருவில் இறங்கி ஓடியது, வீடு வீடாகக் கதவை அறைந்து சாத்தினார்கள். அவர் வாய்க்குள்ளும் கொஞ்சம் போனது. அவர் துப்பவில்லை, துப்பத் தோன்றவில்லை, ஏனென்றால் அந்த நேரம் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு மூச்சு, கிணற்றில் வாளி இறங்குவதுபோல நீளமாக, நீளமாக, முட்டாமல் உள்ளே இறங்குகிற சத்தம் கேட்டது.

பத்தொன்பது நாள் சுரண்டினார்கள். மழை கழுவியது. தை பிறந்ததும் வெயில் வந்தது. இஞ்ஞாசி தினமும் காலையில் பல் தேய்த்ததும் கடல்பக்கச் சுவருக்குப் போய் நாக்கை வைத்துப் பார்த்தார், பிரகாசி மேலிருந்து "உப்பு இருக்கா?" என்று கேட்பாள், "இருக்கு" என்று இவர் சொல்வார், அதன் பிறகுதான் காப்பி. ஊர் அவருக்கு நக்கி இஞ்ஞாசி என்று பெயர் வைத்தது. சட்டைக்குள் பிரியாணி தின்றவர்கள் அவரைக் கண்டால் காறித் துப்பினார்கள். டீக்கடையில் அவருக்கென்று ஒரு தம்ளரைத் தனியாகக் கம்பியில் மாட்டி வைத்தார்கள். முன்பு அவர் கொண்டுபோனது, இப்போது அவர்கள் வைத்தது. அதில் டீ வாங்கிக் குடித்தார். டீ நன்றாகவே இருந்தது.

மறு வருஷத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கஸ்பார் வந்தார், உள்ளே வராமல் நின்றே பேசினார்.

"இஞ்ஞாசி, ஒரே ஒரு கோட்டாவது அடியும் வே. இந்தக் கோலத்துல மாதா முகத்துல எப்படி முழிப்பீரு?"

"நாக்குல இன்னும் கொஞ்சம் உப்பு இருக்கு கஸ்பார். நிக்கட்டும், அடிக்கேன்."

"அப்போ சப்பரம் உங்க வாசல்ல நிக்காது. கமிட்டி முடிவு."

பிரகாசி ஜன்னலிலிருந்து மெழுகுவர்த்தி மட்டும் வாங்கிவரச் சொன்னாள், பெரியதாக.

திருவிழாவன்று மாதா கோயில் தெரு இரண்டு பக்கமும் மினுமினுத்தது, சட்டையுள்ள வீடும், வீடில்லாத சட்டையும். பதினாலின் கீழ் ஒன்றுக்கு ஜெயசிங் மாம்பழ மஞ்சள் பூசியிருந்தான். சட்டைக்கே புதுச் சட்டை. வாசலில் மாலையோடும் மெழுகுவர்த்தியோடும் நின்றான். சப்பரம் வந்தது, பாண்டு முழங்கியது, இஞ்ஞாசியின் வீட்டுக்கு முன்னால் தூக்குகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்கள், அடுத்த மனையில், உள்ளே ஈரமும் பிள்ளைப்பூச்சியும் மேசை நாற்காலியும் மட்டும் உள்ள அந்தத் தோலுக்கு முன்னால் சப்பரத்தை இறக்கி நிறுத்தினார்கள். சாமியார் தூபம் காட்டினார். "இதுதான் வே வீடு" என்று கஸ்பார் மைக்கில் சொன்னார். தூபப் புகையையும் மீறி அந்த வாடை வந்தது, ஜனங்கள் அதை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு கும்பிட்டார்கள்.

இஞ்ஞாசிக்கு அருவருத்தது. ஆனால் இது பழைய அருவருப்பு இல்லை, எச்சிலாலும் மீன் கையாலும் வருவதில்லை. மேலே பார்த்தார். பிரகாசி ஏற்றிய மெழுகுவர்த்தியை ஜன்னலில் பிடித்துக்கொண்டு, தன்னைத் தாண்டிப்போன சப்பரத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் வரும் என்று காலையில் அவர் கடல்பக்கமே போகவில்லை, சுவரைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கடல்பக்கச் சுவருக்குப் போனார். பாண்டு நின்றது. "பாருங்கல, நக்கி ஆரம்பிச்சிட்டான்" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் திரும்பியது, சப்பரம் தூக்குகிறவர்கள் திரும்பினார்கள். அத்தனை பேருக்கும் முன்னால், திருவிழா வெளிச்சத்தில், இஞ்ஞாசி தன் வீட்டுச் சுவரோடு முகத்தைச் சேர்த்து நக்கினார். தூ என்று நூறு வாய் ஒன்றாகத் துப்பியது. அவர் இன்னொரு இடத்தில் நக்கினார், மூலையில் நக்கினார், சாரத்துக்கு வைத்திருந்த ஏணியில் ஏறி ஜன்னலுக்கு அடியில், ஒரு முழம் இடதுபக்கம் தள்ளி, நின்று நிதானமாக நக்கினார்.

"உப்பு இருக்கா?" என்று பிரகாசி தலைக்கு மேலிருந்து கேட்டாள்.

வெயிலில் காய்ந்த கல், வேறொன்றும் இல்லை. சரிதானா என்று இன்னொருமுறை வைத்துப் பார்த்தார்.

"இல்ல."

"அப்போ நாளைக்குச் சந்தியாகுவை வரச் சொல்லுங்க" என்றாள் பிரகாசி. சொல்லிவிட்டு, கையை நீட்டி மெழுகுவர்த்தியை ஒரு முழ தூரத்தில் பிடித்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே ஊதலில் அணைத்தாள்.